அவுட்போர்டு படகில் ஸ்டியரிங் மாற்றுவது எப்படி?

ஸ்டியரிங் சக்கரம் கனத்துப்போனால் பலரும் நேராகக் கடைக்குப் போய்ப் புது கேபிள் வாங்கி வந்துவிடுகிறார்கள். மாட்டிய சில மாதங்களில் அதுவும் இறுகிக்கொள்கிறது. பழுது கேபிளில் மட்டும் இல்லை என்பதுதான் காரணம். கேபிளின் முனை ஓடும் குழாய்க்குள் காய்ந்த கிரீஸும் உப்பும் சேர்ந்து கெட்டித்திருக்கும். அல்லது இன்ஜின் இடமும் வலமும் திரும்பும் அச்சே இறுகியிருக்கும். அதைக் கவனிக்காமல் எவ்வளவு நல்ல ஸ்டியரிங்கை வைத்தாலும் செலவு வீண்தான். ஆகவே இந்தக் கட்டுரை கடையிலிருந்து தொடங்காமல் பழுது பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது 16 முதல் 18 அடி நீளமுள்ள ஃபைபர் படகு. பின்பலகையில் 40 முதல் 60 குதிரைத்திறன் கொண்ட ஒரே ஒரு அவுட்போர்டு இன்ஜின். சக்கரம் வலப்பக்கம், கேபிள் ஒன்று. உங்கள் படகு இதைவிடச் சிறியதோ பெரியதோ, வேலையின் முறை இதுவேதான்.

முதலில் பாகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

சக்கரத்துக்குப் பின்னால், டேஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் பல்சக்கரப் பெட்டிக்கு ஹெல்ம் என்று பெயர். அதிலிருந்து ஒரு தடித்த கேபிள் படகின் ஓரமாகப் பின்பக்கம் போகிறது. கேபிளின் கடைசியில் 5/8 அங்குலத் தடிமனில் ஒரு எவர்சில்வர் தண்டு இருக்கும். இன்ஜினைப் பின்பலகையில் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் ஊடே குறுக்காக ஓடும் குழாய்க்குள் அந்தத் தண்டு நுழைகிறது. இன்ஜினை மேலே தூக்கும்போது அது இந்தக் குழாயை அச்சாகக் கொண்டுதான் சாய்கிறது. அதனால் அதை டில்ட் டியூப் என்கிறார்கள். தண்டு மறுபக்கம் வெளியே வந்ததும் லிங்க் ஆர்ம் என்ற குட்டைக் கம்பி அதை இன்ஜினின் முன்பக்கக் கையோடு இணைக்கிறது. சக்கரத்தைத் திருப்பினால் தண்டு உள்ளே போகும், வெளியே வரும், இன்ஜின் திரும்பும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் படகு உங்கள் கையில் இல்லை. வேகமாக ஓடும் படகில் லிங்க் ஆர்ம் கழன்றால், புரொப்பெல்லரின் சுழற்சி விசை இன்ஜினை ஒரே பக்கமாக வெட்டித் திருப்பிவிடும். படகு நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும், உள்ளே இருப்பவர்கள் வெளியே விழுவார்கள், பிறகு அதே படகு அவர்கள் மேலேயே வட்டமிட்டு வரும். இன்ஜினை நிறுத்தும் கட்-ஆஃப் கயிற்றை உடம்பில் மாட்டியிருக்க வேண்டும் என்று எல்லோரும் வற்புறுத்துவது இதனால்தான். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகில் அந்தச் சுவிட்ச் பொருத்தப்பட்டிருந்தால், வேகமாக ஓட்டும்போது அதை அணிந்திருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமாகவே இருக்கிறது. உங்கள் நாட்டில் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்டியரிங்கில் கை வைத்த படகை முதல் முறை தண்ணீரில் இறக்கும்போது அந்தக் கயிறு இல்லாமல் ஏறாதீர்கள்.

பழுது எங்கே?

படகு கரையில் இருக்கட்டும். சாவியை எடுத்துவிடுங்கள். இன்ஜினை இறக்கி நேராக நிறுத்துங்கள். பக்கவாட்டில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும் திருகு அல்லது நெம்பு இருந்தால் அதை முழுவதும் தளர்த்துங்கள். லிங்க் ஆர்ம் இன்ஜினோடு சேரும் இடத்தில் 3/8 அங்குல போல்ட் இருக்கும். பெரும்பாலும் 9/16 அங்குல ஸ்பேனர் பொருந்தும். அதைக் கழற்றி லிங்க் ஆர்மை விடுவியுங்கள்.

இப்போது இன்ஜினைக் கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தள்ளிப் பாருங்கள். ஒரு கையால் வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். தம் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தால் பழுது இன்ஜினின் அச்சில். அங்கே உள்ள கிரீஸ் நிப்பிள்களில், அதாவது கிரீஸ் ஏற்றும் சின்ன வாய்களில், கிரீஸ் துப்பாக்கியை வைத்து அடியுங்கள். பழைய, கறுத்த கிரீஸ் மேலும் கீழும் பிதுங்கி, பின்னால் புது கிரீஸ் நிறம் மாறி வரும்வரை அடிக்க வேண்டும். நிப்பிள் அடைத்திருந்து கிரீஸ் உள்ளே போகாவிட்டால் நிப்பிளைக் கழற்றி மாற்றுங்கள். அடித்தபின் இன்ஜினை இருபது முப்பது முறை இடம் வலமாக ஆட்டி, மறுபடி அடியுங்கள். இது சரியாகாமல் புது கேபிள் மாட்டவே கூடாது. கேபிளின் ஆயுளை இந்த இறுக்கம்தான் தின்கிறது.

இன்ஜின் லேசாகத் திரும்புகிறது, ஆனால் சக்கரம் மட்டும் கனமாக இருக்கிறது என்றால், டில்ட் டியூபின் வலக்கோடியில் கேபிளைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைக் கழற்றி, தண்டை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். கேபிள் காற்றில் தொங்கும்போது சக்கரத்தை இரண்டு பக்கமும் ஒரு சுற்று சுற்றுங்கள். இப்போது லேசாகச் சுற்றினால் டியூபுக்குள்தான் வினை. அப்போதும் முரண்டு பிடித்தால் கேபிளோ ஹெல்மோ போய்விட்டது. கேபிளின் மேலுறையைக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். வெடிப்பு, வீக்கம், உறைக்கு வெளியே துருக்கறை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கேபிளுக்குள் எண்ணெய் ஊற்றிப் பிழைக்கவைக்க முயல வேண்டாம். அது மாற்றவேண்டிய பொருள்.

ஆட்டம் என்பது வேறு குறை. சக்கரத்தை இரண்டு அங்குலம் அசைத்தும் இன்ஜின் அசையாமல் நின்றால் ஒருவர் சக்கரத்தை அசைக்க, மற்றொருவர் பின்னால் உட்கார்ந்து ஒவ்வோர் இணைப்பாகப் பார்க்க வேண்டும். அசைவு எந்த இடத்தில் தொலைகிறதோ அங்கே தேய்மானம். லிங்க் ஆர்மின் துளை முட்டை வடிவமாகியிருப்பது அடிக்கடி காணும் குறை. கேபிள் நட்டு தளர்ந்திருப்பது அடுத்தது.

எதை வாங்குவது

20 குதிரைத்திறன் வரையிலான இன்ஜினுக்கு, இன்ஜினிலேயே நீட்டியிருக்கும், கையால் பிடித்துத் திருப்பும் கைப்பிடியே போதும். யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்துக் கரையோர மீன்பிடி ஃபைபர் படகுகள் பெரும்பாலும் கைப்பிடியால்தான் ஓட்டப்படுகின்றன. வலை இழுக்கும் வேலைக்கு அதுவே வசதியும்கூட. கைப்பிடி இன்ஜினைச் சக்கரத்துக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங் மட்டும் வாங்கினால் போதாது. ரிமோட் கன்ட்ரோல் பெட்டி, கியருக்கும் த்ராட்டிலுக்கும் ஒவ்வொரு கேபிள், சாவி-கட்-ஆஃப் வயரிங், அந்த மாடலுக்குரிய ஸ்டியரிங் இணைப்புக் கிட் எல்லாம் வேண்டும். சில சிறிய இன்ஜின்களில் துளையுள்ள டில்ட் டியூபே இருக்காது. அதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

ஏற்கெனவே கேபிள் ஸ்டியரிங் உள்ள 40 முதல் 70 குதிரைத்திறன் படகுக்கு எங்கள் பரிந்துரை தெளிவானது: புது கேபிளோடு, இழுப்பைச் சக்கரத்துக்குத் திருப்பி அனுப்பாத நோ-ஃபீட்பேக் ஹெல்ம். சாதாரண ஹெல்மில் புரொப்பெல்லரின் இழுப்பு கேபிள் வழியாக உங்கள் கைக்கே வந்து சேரும். ஒரு மணி நேரம் ஓட்டினால் தோள் வலிக்கும், கையை எடுத்தால் படகு ஒரு பக்கம் ஒதுங்கும். நோ-ஃபீட்பேக் ஹெல்முக்குள் ஒரு கிளட்ச் இருக்கிறது. நீங்கள் திருப்பினால் விடும், இன்ஜின் திருப்ப முயன்றால் பிடித்துக்கொள்ளும்.

90 குதிரைத்திறனிலிருந்து, கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டியரிங் உண்மையாகவே வித்தியாசம் காட்டும். அதற்குக் கீழே அது சுகம்தான், கட்டாயமில்லை; விலையோ கேபிள் கிட்டைப்போல் பல மடங்கு. எந்த வகையானாலும் அதன் மேல் எழுதியிருக்கும் உச்சக் குதிரைத்திறன் உங்கள் இன்ஜினுக்கு மேல் இருக்க வேண்டும்.

பழைய ஹெல்மை வைத்துக்கொண்டு கேபிளை மட்டும் மாற்றலாமா என்று கேட்பார்கள். ஹெல்மும் கேபிளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் மாற்றலாம். முன்பு டெலிஃப்ளெக்ஸ் என்றும் பிறகு சீஸ்டார் என்றும் வந்த, இப்போது டொமெட்டிக் விற்கும் வரிசையிலேயே ஒரு ஹெல்மின் கேபிள் இன்னொன்றில் ஏறாது. பத்து வருடம் உப்புக்காற்று பட்ட ஹெல்மாக இருந்தால் மொத்தமாகக் கிட்டாக வாங்குவதே நல்லது.

கேபிளின் நீளம்

தவறாக வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியாத பொருள் இது. பழைய கேபிளின் மேலுறையில் அச்சிட்ட எண்ணைத் தேடுங்கள். சீஸ்டார் வகையில் எஸ்எஸ்சி 6214 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கம் அடிக்கணக்கு: 14 அடி. எண் அழிந்திருந்தால் கேபிளைக் கழற்றி நீட்டிவைத்து, பிளாஸ்டிக் உறையை மட்டும் கோடிக்குக் கோடி அங்குலத்தில் அளங்கள். கேபிள் வட்டச் சக்கரத்தைச் சுற்றி ஓடும் சுழல் வகை (ரோட்டரி) ஹெல்முக்கு அதோடு 18 அங்குலம் கூட்டி, அடுத்த முழு அடிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். உறை 143 அங்குலம் என்றால் 161 அங்குலம். 14 அடி கேபிள் வாங்க வேண்டும். பற்சட்டம் உள்ள ரேக் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பழைய கேபிளே இல்லாத படகில் சக்கரத்தின் நடுவிலிருந்து படகின் ஓரம் வரை, அங்கிருந்து பின்பலகை வரை, அங்கிருந்து டில்ட் டியூப் வரை மூன்று அளவையும் கூட்டுங்கள். ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் 4 அங்குலம் கழியுங்கள், இன்ஜின் அசைவுக்கு 6 அங்குலம் சேருங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் கொஞ்சம் விறைப்பான தோட்டக் குழாய் ஒன்றை அதே வழியில் போட்டுப் பாருங்கள். கயிறு மூலையில் ஒடிந்து வளைந்து ஏமாற்றும். குழாய் கேபிளைப் போலவே வளையும். எந்த வளைவும் 8 அங்குல ஆரத்துக்குக் குறையக் கூடாது. அதாவது சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய வட்டம். வளைவு இறுக்கமானால் புதுக் கேபிளும் முதல் நாளே கனமாகத்தான் இருக்கும்.

பழையதைக் கழற்றுவது

சக்கரத்தின் நடு நட்டைக் கழற்றியபின் சக்கரம் எளிதில் வராது. அது 3/4 அங்குலக் கூம்புத் தண்டில் சாவிக்கட்டையோடு இறுகியிருக்கும். சுத்தியலால் தண்டைத் தட்டினால் ஹெல்மின் உள்பாகம் உடையும். மூன்று கால் புல்லர் ஒன்றை வாடகைக்காவது எடுங்கள்.

டில்ட் டியூபில் சிக்கிக்கொண்ட தண்டுதான் இந்த வேலையின் மிகப் பெரிய தலைவலி. துரு தளர்த்தும் எண்ணெயை டியூபின் இரு வாயிலும் தெளித்து இரவு முழுக்க விடுங்கள், மறுநாளும் தெளியுங்கள். வலப்பக்க நட்டை முழுக்கக் கழற்றியபின், இடப்பக்கத் தண்டின் நுனியில் பித்தளைக் கட்டையோ கட்டை மரமோ வைத்து வலப்பக்கம் நோக்கித் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் நுனி பிதுங்கிக் காளான் போலாகிவிடும், பிறகு அது டியூபுக்குள் நுழையவே நுழையாது. டியூபின் வாயிலும் அடி படக் கூடாது. அங்கேதான் 7/8 அங்குல மரை இருக்கிறது, அது நசுங்கினால் புதுக் கேபிளின் நட்டு ஏறாது.

அப்படியும் அசையாவிட்டால் கேபிளை டியூபுக்கு வெளியே அறுத்துவிடுங்கள். கேபிளின் பாரம் போனபின் தண்டைக் குழாய் ரிஞ்சால் பிடித்துச் சுழற்றித் தட்டலாம். சூடு காட்டுவது கடைசி வழி. ஹீட் கன் போதும், நெருப்பு வேண்டாம். அதற்கு முன் பெட்ரோல் டேங்கையும் குழாயையும் படகிலிருந்து இறக்கிவிடுங்கள், படகின் அடியில் பெட்ரோல் ஆவி தங்கியிருந்தால் அது போகும்வரை திறந்து வையுங்கள்.

சில படகுகளில் பின்பக்கக் குழி குறுகலாக இருக்கும். தண்டை நேராக உருவ இடம் போதாது. இன்ஜினைச் சற்றுத் தூக்கிப் பார்த்தும் வராவிட்டால் இன்ஜின் போல்ட்டுகளைத் தளர்த்தி நகர்த்த வேண்டிவரும். அது தூக்குச் சங்கிலியும் இன்னொரு ஆளும் வேண்டிய வேலை.

டில்ட் டியூபைச் சுத்தம் செய்வது

இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குழாய் சுத்தம் செய்யும் வட்டக் கம்பித்தூரிகையை நீளமான கம்பியில் கட்டி, மண்ணெண்ணெய் நனைத்து, இந்த வாயிலிருந்து அந்த வாய் வரை இழுங்கள். முதலில் பழுப்புப் பசை வரும், பிறகு உடைந்த கண்ணாடித்துண்டு போலக் காய்ந்த கிரீஸ் சில்லுகள் உதிரும். அடுத்து, ஒரு மரக்குச்சியின் நுனியைப் பிளந்து, மெல்லிய உப்புத்தாளைச் செருகிச் சுற்றி, டிரில் மிஷினில் மாட்டி மெதுவாக ஓட்டுங்கள். டியூபைத் தேய்த்து அகலமாக்குவது நோக்கமல்ல. ஒட்டியிருப்பது போனால் போதும். துணியைக் குச்சியில் கட்டித் துடையுங்கள். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை விடாதீர்கள்.

சுத்தமானதா என்று பார்க்கப் புதுக் கேபிளின் தண்டையே கிரீஸ் இல்லாமல் உள்ளே விட்டுப் பாருங்கள். இரண்டு விரலால் தள்ளினால் முழு நீளமும் போக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் பிடித்தால் அங்கே இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். டியூபே வளைந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

புது ஹெல்மைப் பொருத்துவது

துளை போடுவதற்கு முன்பு கேபிள் ஹெல்மிலிருந்து எந்தப் பக்கம் புறப்படும் என்பதை முடிவு செய்யுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். பெட்ரோல் மீட்டர், வயர்க் கட்டு எதுவும் கேபிளின் வளைவில் குறுக்கே இருக்கக் கூடாது. கிட்டோடு வரும் காகித அச்சை ஒட்டி, அதன்படி துளையிடுங்கள். பழைய துளை பொருந்தினால் இன்னும் நல்லது. ஃபைபரில் வட்டத் துளை அறுக்கும் ஹோல் சா வைக்கும்போது மேலே மறைநாடா (மாஸ்கிங் டேப்) ஒட்டி, முதல் சில சுற்றுகளை மிஷினை எதிர்த்திசையில் ஓட்டித் தொடங்குங்கள். இல்லாவிட்டால் மேற்பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும். ஃபைபர் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடி அவசியம். டேஷ்போர்டுக்குள் பிளைவுட் இருந்தால் அறுபட்ட விளிம்பில் எப்பாக்ஸி பூசி ஆறவிடுங்கள். இதைத் தவிர்த்தவர்களின் டேஷ்போர்டு சில மழைக்காலத்தில் மெத்தென்றாகி, ஹெல்ம் சக்கரத்தோடு சேர்ந்து ஆடத் தொடங்கும்.

கேபிளை ஹெல்மில் செருகும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள்ளே வாங்க வேண்டும். கடைசியில் பூட்டு ‘டக்’கென்று விழும். விழுந்தபின் கேபிளைப் பலமாக இழுத்துப் பார்த்து, அது வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேபிளையும் லிங்க் ஆர்மையும் இணைப்பது

தண்டு முழுவதற்கும், உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்கும் தண்ணீரில் கரையாத மெரைன் கிரீஸ் பூசுங்கள். லாரிக்கு அடிக்கும் சாதாரண கிரீஸ் உப்புத் தண்ணீரில் கழுவிப் போய்விடும். டியூபுக்குள் செருகி நட்டைக் கையால் ஏற்றுங்கள். முதல் மூன்று மரை கையாலேயே ஏற வேண்டும். ஏறாவிட்டால் மரை குறுக்கே விழுகிறது, எடுத்துத் திரும்ப வையுங்கள். மெர்குரி இன்ஜின் கையேடுகள் இந்த நட்டுக்கு 35 அடி-பவுண்டு, அதாவது சுமார் 47 நியூட்டன் மீட்டர் இறுக்கம் சொல்கின்றன. உங்கள் இன்ஜினின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

லிங்க் ஆர்மில் நைலான் உள்ள லாக் நட்டுகளைத் தவிர வேறெதுவும் போடக் கூடாது. கழற்றிய லாக் நட்டை மறுபடி போடாதீர்கள். நைலான் ஒருமுறை தேய்ந்தால் பிடிப்பு போய்விடும். வெறும் நட்டும் ஸ்ப்ரிங் வாஷரும் அதிர்வில் கழன்றுவிடும். இன்ஜின் பக்கத்து போல்ட்டுக்கு 20 அடி-பவுண்டு, அதாவது 27 நியூட்டன் மீட்டர். கேபிள் தண்டின் பக்கம் முறை வேறு: நட்டை உட்காரும்வரை இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்துங்கள். அங்கே லிங்க் ஆர்ம் சுழல வேண்டும். அதையும் இறுக்கிவிட்டால் இன்ஜினை மேலே தூக்கும்போது தண்டு வளையும். புதிதாகச் செய்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

இனித் திசை. சக்கரத்தை வலப்பக்கம் திருப்புங்கள். புரொப்பெல்லர் இருக்கும் பின்முனையும் வலப்பக்கம் நகர வேண்டும். கேபிள் வலப்பக்கத்திலிருந்து டியூபில் நுழையும் படகில், அப்போது தண்டு இடப்பக்கம் வெளியே நீளும். எதிராக நடந்தால் ஹெல்மில் கேபிள் தவறான வாயில் ஏறியிருக்கிறது. பிரித்து மாற்ற வேண்டும். ‘பழகிவிடும்’ என்று விடக் கூடாது.

அடுத்து, இன்ஜினை முழுக்கத் தூக்கி இடக்கோடி, வலக்கோடி. பாதி தூக்கி இரண்டு கோடி. முழுக்க இறக்கி இரண்டு கோடி. ஒவ்வொரு நிலையிலும் லிங்க் ஆர்ம் எதிலாவது முட்டுகிறதா, கியர் கேபிளும் பெட்ரோல் குழாயும் இழுபடுகின்றனவா என்று கிட்டே குனிந்து பாருங்கள்.

ஹைட்ராலிக் வைப்பதென்றால்

இதில் ஹெல்மே ஒரு சிறிய பம்ப். சக்கரத்தைத் திருப்பினால் எண்ணெய் ஒரு குழாய் வழியாகப் போய், இன்ஜினின் முன்னால் உள்ள சிலிண்டரைத் தள்ளும். கேபிள் வளைவைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் சிலிண்டருக்கு இன்ஜினின் முன்னால் இடம் வேண்டும். வாங்குமுன் இன்ஜினை முழுக்கத் தூக்கி, அதன் முன்பக்கத்துக்கும் பின்பக்கக் குழியின் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளந்து, கிட்டின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். டில்ட் டியூப் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற விதி இங்கேயும் உண்டு. சிலிண்டரைத் தாங்கும் கம்பி அதன் ஊடேதான் போகிறது.

மரை இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் பிசிறு பெயர்ந்து பம்பின் வால்வில் சிக்கும்; அப்புறம் சக்கரம் தானாக நகரும், காரணம் தெரியாமல் திண்டாடுவீர்கள். கூம்பு மரைக்குக் கையேடு சொல்லும் திரவ சீலன்ட், ஓ-ரிங் உள்ள இணைப்புக்கு எதுவுமே வேண்டாம். எண்ணெய் அந்தந்தத் தயாரிப்பாளரின் ஸ்டியரிங் எண்ணெய் மட்டும். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் உப்பிக் கெட்டுப்போகும். ஒரு ஹெல்ம், ஒரு சிலிண்டருக்கு ஒரு லிட்டர் அளவுப் புட்டி இரண்டு வாங்கி வையுங்கள்.

காற்று எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். எண்ணெய்ப் புட்டியைக் குழாயோடு ஹெல்மின் வாயில் தலைகீழாக மாட்டி, புட்டியின் அடியில் சின்னத் துளை போடுங்கள். வேலை முடியும்வரை புட்டி காலியாகவே கூடாது. காலியானால் மறுபடி முதலிலிருந்து. ஹெல்ம் நிரம்பியதும் சக்கரத்தை வலப்பக்கம் சுற்றி, சிலிண்டர் தண்டு வலப்பக்கம் முழுவதும் வெளியே வரும்வரை கொண்டுபோங்கள். பின்னால் இருப்பவர் வலப்பக்கக் காற்றுத் திருகைத் திறந்து, அதில் ஒரு தெளிவான குழாயை மாட்டி டப்பாவில் விட்டுக்கொள்ளட்டும். அவர் தண்டு உள்ளே போகாமல் கையால் பிடித்துக்கொள்ள, நீங்கள் சக்கரத்தை இடப்பக்கம் சுற்றுங்கள். குழாயில் முதலில் நுரை, பிறகு குமிழ் குமிழாக எண்ணெய், கடைசியில் குமிழே இல்லாத எண்ணெய் ஓடும். சுற்றிக்கொண்டே இருக்கும்போதே திருகை மூடி, தண்டை விட்டுவிட வேண்டும். அப்படியே இடப்பக்கம் சுற்றித் தண்டை இடக்கோடிக்குக் கொண்டுபோய், இடப்பக்கத் திருகைத் திறந்து, தண்டைப் பிடித்துக்கொண்டு இப்போது வலப்பக்கம் சுற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. டப்பாவில் சேர்ந்த எண்ணெயைத் திரும்ப ஊற்ற வேண்டாம்.

கோடியில் போய்ச் சக்கரத்தை அழுத்தித் திருப்பினால் விறைப்பாக நிற்க வேண்டும். பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. அந்த அழுத்தத்தோடு ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துக் கசிவு பார்க்கட்டும். கோடியில் பலமாகத் தள்ளும்போது சக்கரம் மெதுவாக நழுவுவது ஹைட்ராலிக்கின் இயல்பு, பழுதல்ல. திசை மாறியிருந்தால் இரண்டு குழாய்களையும் இடம் மாற்றி மறுபடி காற்றெடுங்கள்.

தண்ணீரில்

முதல் ஓட்டம் அலையில்லாத இடத்தில், மெதுவான வேகத்தில். இரண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நிறுத்தி லாக் நட்டுகளையும் டேஷ்போர்டு போல்ட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். அதன்பின் பாதி வேகம், அப்புறம்தான் முழு வேகம்.

வேகமெடுத்ததும் படகு ஒரு பக்கம் இழுத்தால் புரொப்பெல்லருக்கு மேலே, தட்டையான தகட்டின் அடியில் இருக்கும் சின்னத் துடுப்பைப் பாருங்கள். பல இன்ஜின்களில் அதுதான் துருவைத் தாங்கும் துத்தநாகக் கட்டையும். படகு வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்விளிம்பை வலப்பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம். ஒரு தடவைக்கு ஒரு நூல் அளவுதான், பிறகு ஓட்டிப் பார்த்து அடுத்தது. நோ-ஃபீட்பேக் ஹெல்ம் இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும். கை உணராவிட்டாலும் அந்த இழுப்பு கேபிளின் மேல் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

பராமரிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை

உப்புத் தண்ணீரில் ஓடும் படகுக்கு மாதம் ஒருமுறை டில்ட் டியூபின் நிப்பிளில் கிரீஸ் அடிப்பது நல்லது. ஆனால் அடிக்குமுன் சக்கரத்தைச் சுற்றித் தண்டு முழுவதும் டியூபுக்குள் போகும்படி செய்யுங்கள். தண்டு வெளியே நீண்டிருக்கும்போது கிரீஸ் அடித்தால், தண்டு திரும்ப உள்ளே வரவேண்டிய இடம் கிரீஸால் நிறைந்துவிடும். கிரீஸ் அமுங்காது, ஸ்டியரிங் அப்படியே பூட்டிக்கொள்ளும். வெளியே தெரியும் தண்டை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவுங்கள். ஹைட்ராலிக் சிலிண்டரின் தண்டையும் கழுவித் துடையுங்கள்; அதில் உப்புப் படிகம் காய்ந்து நின்றால் அடுத்த திருப்பத்தில் சீலை அறுக்கும்.

படகில் எப்போதும் ஒரு சின்னப் பையில் 3/8 அங்குல போல்ட் ஒன்று, அதற்குரிய லாக் நட்டு இரண்டு, 9/16 ஸ்பேனர் இரண்டு, ஒரு பாகம் (சுமார் ஆறடி) கயிறு வைத்திருங்கள். துடுப்பும் கட்டாயம். கடலில் கேபிள் போய்விட்டால் இன்ஜினை நிறுத்தி, லிங்க் ஆர்மைக் கழற்றி, இன்ஜினை நேராக வைத்து இரண்டு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு மிக மெதுவான வேகத்தில், துடுப்பைச் சுக்கான் போலப் பின்னால் பிடித்துக்கொண்டு கரைக்கு வரலாம்.